பண்டு, பலகாரம், நடுச்சாமப் பூசை

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். விடிய இன்னும் நேரமிருக்க, போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் நெருக்கி அடித்து ஏறுகிறார்கள். முந்தலைத் தாண்டினால் மலைப்பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அந்தப் பக்கம் கேரளம், ஏலத்தோட்டம். ஆனி, ஆடியில் தொடங்கும் காய் எடுப்பு சுற்றுச் சுற்றாகத் தை, மாசி வரை நீளும். டிசம்பரில் அது ஓய்வதில்லை. சாயங்காலம் அதே ஜீப் இறங்கி வரும்போது ஊருக்குள் சில வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரம் எரியத் தொடங்கியிருக்கும். அப்படியொரு வீட்டுக்குள் நுழையும் பெண், கைகால் கழுவியதும் காலையில் ஊறப்போட்டுப் போன பச்சரிசியை வடித்துத் துணியில் பரப்புகிறாள். அன்றைய இரண்டாவது வேலை அவளுக்கு அப்போதுதான் ஆரம்பமாகிறது.

கிறிஸ்துமஸ் குடும்பங்களுக்குத் தருகிற சந்தோஷத்தையும் அது வைக்கிற பாரத்தையும் பற்றி உலகெங்கும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி, பனி பெய்யும் ஊர்களையும் பரிசு வாங்கிக் களைத்தவர்களையும் பற்றியது. ஏலமலை அடிவாரத்தில் கதை வேறு. இங்கே பாரம் எங்கே விழுகிறது, மகிழ்ச்சி எங்கிருந்து ஊறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் அடுப்படியையும் பணம் வந்து போகும் மாதங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 6 பேர் கிறிஸ்தவர்கள். மலை ஏறி இடுக்கி மாவட்டத்துக்குள் போனால் அந்தக் கணக்கு நூற்றுக்கு 43. ஒரே மலையின் கீழும் மேலும் கிறிஸ்துமஸ் இரண்டு விதமாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம். மேலே அது கடைவீதி முழுவதற்குமான திருவிழா. கீழே, சில தெருக்களுக்கும் சில ஊர்களுக்கும் உரிய பண்டிகை. மற்றவர்கள் அக்கம்பக்கத்து உரிமையோடு கலந்துகொள்வார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. 1834இல் மதுரையில் கால்வைத்த அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) சேர்ந்தன. மலைமேல் மூணாறில் மவுண்ட் கார்மல் ஆலயம் 1898இலும், சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்தின் அடிக்கல் 1910இலும் வந்தன.

அந்தக் காலத்தில் மேலே போக ரோடு ஏது? மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டி கட்டிப் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் அந்தப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த குண்டளைப் பள்ளத்தாக்கின் சின்ன ரயிலை அடித்துக்கொண்டு போகும்வரை இதுதான் வழி. தேயிலை இறங்கிய பாதையில் கூலிக்காரர்கள் ஏறினார்கள். அன்று தொட்டு இந்த ஊர்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் மலையில் இருப்பார், கீழே இருப்பவர்கள் அவர் வரவைப் பார்த்திருப்பார்கள். இங்கே கிறிஸ்துமஸ் என்பதற்கு முதல் பொருளே ஆள் வந்து சேர்வதுதான்.

டிசம்பர் முதல் வாரத்தில் நட்சத்திரம் ஏறும். இப்போது மின்விளக்குச் சரத்தோடு கடையில் கிடைக்கிறது. முன்பு மூங்கில் பிளந்து, வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே குண்டு பல்பு தொங்கவிடுவார்கள். அடுத்து குடில். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ கிராமத்தில் அசிசி நகர்ப் பிரான்சிஸ் மாட்டுத் தீவனத் தொட்டி வைத்து ஏற்படுத்திக் காட்டிய காட்சி, 800 வருஷம் கடந்து இங்கே வைக்கோலும் கேப்பைப் பயிரும் கொண்டு எழுகிறது. கிண்ணத்தில் விதைத்த கேப்பை சரியாக 24ஆம் தேதிக்குப் பச்சையாக நிற்க வேண்டும் என்பது குழந்தைகளின் கவலை. அந்தக் கவலையில் துளிகூடப் பாரம் கிடையாது.

அப்புறம் கேரல் ரவுண்ட்ஸ். ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பும் கூட்டம் ட்ரம்மும் கிட்டாருமாகத் தெருத் தெருவாகப் போய் விடியற்காலம் திரும்பும். பாடல்களில் பாதி மேற்கத்திய மெட்டு, பாதி நம் கீர்த்தனை. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் கீர்த்தனை மரபை வளமாக்கித் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேமைக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்தவர். அவருக்கும் முன்னே வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி, 3,615 பாடல்களில் சூசையப்பரை வளன் என்ற காப்பியத் தலைவனாக்கியது. உளியும் இழைப்புளியும் பிடித்த ஒரு தச்சன் காப்பிய நாயகனானதில் கூலி வேலைக்காரர் ஊரின் கிறிஸ்துமஸுக்கு ஒரு பொருத்தம் இருக்கிறது. கேரல் குழு வாசலில் நிற்கும் அந்தப் பத்து நிமிஷம் எந்த வீட்டுக்கும் இனிக்கும். பாட்டு முடிந்ததும் நீளும் காணிக்கைப் பையில் பக்கத்து வீட்டுக்காரர் போட்டதற்குக் குறையாமல் போட வேண்டுமே என்ற யோசனை மட்டும் சில வீடுகளில் முன்கூட்டியே வந்துவிடும்.

இனி பலகாரம். இந்தப் பண்டிகையின் உயிரும் உழைப்பும் அங்கேதான் இருக்கின்றன.

முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, கல்கல், பிறகு கேக். ஒவ்வொன்றுக்கும் ஒரு நுணுக்கம். அதிரசத்துக்கு மாவு ஈரமாக இருக்கும்போதே வெல்லப் பாகு உருட்டுப் பதத்தில் இறங்க வேண்டும். அரை நிமிஷம் தப்பினாலும் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகும். அச்சு முறுக்குக்கு இரும்பு அச்சை எண்ணெயிலேயே சூடேற்றி, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்க வேண்டும். முழுக்க முங்கினால் மாவு அச்சைவிட்டுக் கழலாது. கல்கல் பிள்ளைகளின் இலாகா. மைதா உருண்டையை முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சங்கு மாதிரிச் சுருட்டுவார்கள். போர்ச்சுகீசியர் வழியாகக் கோவாவில் பரவிய இந்தப் பலகாரம் எத்தனையோ ஊர் கடந்து வந்து, இன்று தேனி மாவட்டத்துப் பாட்டிகளின் சொந்தச் சொத்தாகிவிட்டது. மாவு மில்லில் வரிசை, எண்ணெய் காயும் வாடை, வெந்ததில் முதல் முறுக்கு யாருக்கு என்ற சண்டை. வளர்ந்து வெளியூர் போனவர்களிடம் கிறிஸ்துமஸ் ஞாபகம் கேட்டால் பரிசைச் சொல்பவர் குறைவு. அந்த அடுப்படி ராத்திரியைத்தான் சொல்வார்கள்.

கேக்கின் கதையில் தோட்டத்துக்கும் பங்குண்டு. 1883இல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற ரொட்டிக்கடைக்காரரிடம், அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்துத் துரை மர்டோக் பிரவுன் சீமைக் கேக் ஒன்றைக் காட்டி அதே மாதிரி செய்யச் சொன்னார் என்றும், உள்ளூர்ச் சரக்கை வைத்தே அவர் செய்து முடித்தார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று பேர் வாங்கியது அதுதான். மலைச் சரக்கு விளையும் இடத்தில்தான் அந்தக் கேக் பிறந்தது. ஏலக்காய்க்கும் கிறிஸ்துமஸுக்கும் இன்னும் தொலைவிலும் உறவு உண்டு. சுவீடன், நார்வே, பின்லாந்து வீடுகளில் பண்டிகை ரொட்டிக்கு ஏலக்காய் இல்லாமல் முடியாது. ஆனால் உலகில் மிகுதியாக ஏலக்காய் விளையும் இடங்களில் ஒன்று இன்று குவாத்தமாலா. நம் மலையின் செடி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் தாண்டிப் போய் அங்கே வேரூன்றி, நம் சந்தைக்கே போட்டியாக நிற்கிறது.

பலகாரம் வீட்டுக்குள் நிற்பதில்லை. தீபாவளிக்கு எந்தெந்த வீட்டிலிருந்து தட்டு வந்ததோ அந்தந்த வீட்டுக்குத் தட்டு போக வேண்டும். வெறுந்தட்டாகத் திருப்பும் வழக்கம் கிடையாது. சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடாத கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு என்று அறிந்து, படையலுக்கு முன்னாலேயே அவர்கள் பங்கைத் தனியே எடுத்து வைக்கும் இந்து வீடுகள் இந்தப் பக்கத்துத் தெருக்களில் உண்டு. ‘இது படைக்காதது, தைரியமாச் சாப்பிடுங்க மதினி’ என்று சொல்லியே கொடுப்பார்கள். எந்த மத நல்லிணக்க மேடையிலும் பேசப்படாத இந்த நாகரிகம், கிறிஸ்துமஸ் அன்று பதில் தட்டாகத் திரும்புகிறது. கணக்கு கூடும்போது வேலையும் கூடுகிறது என்பது உண்மை. பத்து வீடு என்றால் நூறு அதிரசம். நூறையும் சுடுவது பெரும்பாலும் ஒருத்தி, அல்லது அவளும் மாமியாரும்.

1987இல் மிக்கேலா டி லியோனார்டோ என்ற அமெரிக்க மானுடவியலாளர், கலிபோர்னியாவின் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்து இந்த வேலைக்கு ஒரு பெயர் வைத்தார்: உறவு உழைப்பு. வாழ்த்து அட்டை எழுதுவது, விருந்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று நினைவு வைப்பது, பிணங்கிய உறவைச் சமாதானப்படுத்துவது எல்லாம் வேலைதான். அதைச் செய்வது பெண்கள். அது நின்றால்தான் அப்படியொரு வேலை இருந்ததே மற்றவர்களுக்குத் தெரியும் என்பது அவர் கண்டது. வாழ்த்து அட்டை இருந்த இடத்தில் பலகாரத் தட்டை வைத்தால் போடித் தெருவுக்கும் அது அப்படியே பொருந்தும். அதற்கும் 20 வருஷம் முன்பு, 1967இல், ஹோம்ஸ், ராஹே என்ற இரு மருத்துவர்கள் வாழ்க்கை நிகழ்வுகள் 43ஐ எடுத்து எது எவ்வளவு மன அழுத்தம் தரும் என்று மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100, கல்யாணத்துக்கு 50, கிறிஸ்துமஸுக்கு 12. சராசரி என்ற முறையில் அந்த 12 சரியாக இருக்கலாம். ஒரே வீட்டில் நட்சத்திரம் கட்டுகிறவருக்கும் மலையிலிருந்து இறங்கி வந்து மாவு பிசைகிறவருக்கும் அதையே போடுவது நியாயமாகாது.

அடுத்தது பணம். இதில்தான் இந்தப் பகுதியின் தனித்தன்மை தெரிகிறது.

சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், மிஞ்சினால் 20 சதவீதம். அது கைக்கு வரும் காலம் தமிழ்நாட்டில் தீபாவளி, கேரளத் தோட்டங்களில் ஓணம். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவே மூன்று, நான்கு மாதம் ஓடிவிடும். வந்த பணம் பள்ளிக்கூடச் செலவுக்கும் பழைய கடனுக்கும் போய், டிசம்பரில் கை காய்ந்திருக்கும். அந்தப் போனஸ் எத்தனை முக்கியம் என்பதை 2015 செப்டம்பரில் மூணாறு காட்டியது. முந்தைய ஆண்டில் தந்ததில் பாதியளவாகக் குறைத்ததை எதிர்த்துத் தமிழ்த் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நிறுத்தினார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பேர் பெற்று, 20 சதவீதத்தை வாங்கிய பிறகே எழுந்தார்கள். தினக்கூலிக்கு ஜீப்பில் ஏறும் பெண்களின் நிலை இன்னும் கடினம். வேலைக்குப் போனால் சம்பளம், போகாத நாளுக்கு இல்லை. 24ஆம் தேதி பலகாரத்துக்கு நின்றால் ஒரு நாள் கூலி போகும்.

சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வேறு சூதாட்டம். ஏலம் என்பது செடிக்கும் பேர், அதன் விலையைத் தீர்மானிக்கும் முறைக்கும் பேர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புத்தடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்று வருஷத்துக்குள் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே போய்விட்டது. ஒரே குடும்பத்தில் 2019 கிறிஸ்துமஸுக்கு எடுத்த துணியையும் 2022 கிறிஸ்துமஸுக்கு எடுத்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஏல அறிக்கை இல்லாமலே விலை தெரியும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஊரே கண்டுபிடித்த மருந்து பண்டு. தெருவில் நம்பிக்கையான ஒருவரிடம் வாரம் தவறாமல் சின்னத் தொகை கட்டி வந்தால், வருஷக் கடைசியில் பணமாகவோ எண்ணெய், அரிசி, வெல்லம் என்று சாமானாகவோ கிடைக்கும். தீபாவளிப் பண்டு போலவே கிறிஸ்துமஸ் பண்டும் உண்டு. பொருளாதார அறிஞர் இதில் வட்டி இல்லையே என்று கேட்கக்கூடும். கையில் இருந்தால் கரைந்துவிடும் காசைக் கரையாமல் காப்பதற்குத் தருகிற விலை என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். பண்டு பிடித்தவர் கணக்குத் தீர்க்காமல் போனால் அந்த வருஷப் பண்டிகையே போய்விடும் என்ற பயமும் கூடவே இருக்கிறது. எழுத்தும் ரசீதும் இல்லாத இந்தச் சேமிப்பைச் சுய உதவிக் குழுக்களின் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவருவது செய்யக்கூடிய காரியம், செய்ய வேண்டிய காரியமும்கூட.

செலவில் கனமானது தலைக் கிறிஸ்துமஸ். தலைத் தீபாவளி மாதிரியேதான்: கல்யாணமான முதல் வருஷம் மாப்பிள்ளையும் பெண்ணும் பெண் வீட்டுக்கு வருவார்கள். துணி, மோதிரமோ சங்கிலியோ, கறி விருந்து. மகள் வீட்டுக்கு வருகிறாள் என்ற பூரிப்பும், சம்பந்தி வீட்டில் குறை சொல்லிவிடக் கூடாதே என்ற நடுக்கமும் ஒரே ராத்திரியில் ஒரே தகப்பனுக்கு. 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர், கிறிஸ்துமஸ் பரிசுகளில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மதிப்பு வீணாகிறது என்று கணக்கிட்டார். வாங்குகிறவருக்கு அது அவ்வளவு பெறுவதில்லை என்பது வாதம். தலைக் கிறிஸ்துமஸ் மோதிரத்தை அந்தத் தராசில் நிறுக்க முடியாது. அங்கே கேள்வி, தருகிறவர் அதற்காக எந்த நகையை அடகு வைத்தார் என்பது. இந்த வழக்கத்தில் வருகையையும் விருந்தையும் வைத்துக்கொண்டு நகையை விட்டுவிடலாம்; எந்தச் சபையின் வேதபாடத்திலும் மோதிரம் கட்டாயமில்லை. மேடையிலிருந்து இதைச் சொல்ல வேண்டியவர்கள் போதகர்களும் பங்குத்தந்தைகளும்.

நாட்களும் முட்டிக்கொள்கின்றன. அரையாண்டுத் தேர்வு கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்புதான் முடியும். கேரல் பாடப் போகிற பிள்ளை மறுநாள் கணக்குப் பரீட்சைக்குக் கண் சிவந்து போகும். அதே வாரத்தில்தான் சபரிமலை மண்டல காலம் முடியும். தேனி, கம்பம், குமுளி வழியெல்லாம் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் இடம் கிடைப்பது பெரும்பாடு. 1928இல் போடிக்கு வந்த ரயில், அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் முடிவோடு நின்றது. மறுபடியும் வந்தது 2023 ஜூன் 15இல், சென்னைக்கு நேர் ரயிலோடு. இடையில் பன்னிரண்டு கிறிஸ்துமஸ். அந்தப் பன்னிரண்டிலும் வீட்டுக்கு வந்தவர்கள் பேருந்து நிலையத்தில் மூட்டையோடு நின்றவர்கள்.

அதில் முதலாவது, 2011, இந்த அடிவாரம் மறக்காத டிசம்பர். இரு மாநிலங்களுக்கும் இடையிலான முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் போக்குவரத்து நின்றது. உடும்பஞ்சோலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பயந்து கீழே இறங்கினார்கள், சிலர் காட்டு வழியாக. கூலியும் நின்றது, மேலே இருந்த உறவும் அறுந்தது. ஆள் வந்து சேர்வதுதான் கிறிஸ்துமஸ் என்றிருக்கும் ஊரில், அந்த வருஷம் ஆட்கள் வந்து சேர்ந்த விதத்தில் யாருக்கும் சந்தோஷம் இல்லை.

வீட்டுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. கத்தோலிக்கருக்கு நடுச்சாமப் பூசை, சி.எஸ்.ஐ. காரர்களுக்கு விடியற்கால ஆராதனை. சில பெந்தெகொஸ்தே சபைகள் கிறிஸ்துமஸையே கொண்டாடுவதில்லை. அண்ணன் ஒரு சபை, தம்பி ஒரு சபை என்றாகிவிட்ட குடும்பத்தில், அம்மா யார் வீட்டில் இருந்து எந்த நேரத்துக்குக் கோயிலுக்குப் போவாள் என்பதே பெரிய பேச்சுவார்த்தை. ஆண்களின் குடி இன்னொரு புண். டாஸ்மாக் கடைகளை மூடும் நாட்களின் பட்டியலில் கிறிஸ்துமஸ் இல்லை. நடுச்சாமப் பூசையில் புதுச் சட்டையோடு நின்றவர் மதியப் பிரியாணிக்கு எந்த நிலையில் வருவார் என்று வாசலைப் பார்த்திருக்கும் மனைவியின் பதற்றத்தை எந்த மதிப்பெண் பட்டியலும் அளப்பதில்லை.

துக்கத்துக்கு மட்டும் தமிழ் வழக்கம் அழகான இடம் கொடுத்திருக்கிறது. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் நட்சத்திரம் ஏறாது, எண்ணெய்ச் சட்டியும் ஏறாது. பலகாரத்தை உறவுக்காரர்கள் கொண்டுவந்து தருவார்கள். மகிழ்ச்சியாக இருப்பதுபோல் நடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. 2004 டிசம்பர் 26 காலை வேளாங்கண்ணியில் ஆழிப்பேரலை கிறிஸ்துமஸ் யாத்திரை வந்த குடும்பங்களையும் வாரிக்கொண்டது. அதற்கப்புறம் பண்டிகைக்கு மறுநாளே நினைவுநாளாகிவிட்ட வீடுகளுக்கு இந்த வழக்கம்தான் துணை. மனநல ஆலோசகர்கள் இன்று சொல்லித்தருகிற ஒன்றை நம் பாட்டிகள் சம்பிரதாயமாகவே வைத்திருந்தார்கள்.

சுமையை இறக்கும் வழிகளைச் சில குடும்பங்கள் தாங்களே கண்டிருக்கின்றன. ஐந்து வீட்டுப் பெண்கள் ஒரே முற்றத்தில் கூடி, ஒரு வீட்டுக்கு ஒரு பலகாரம் என்று சுட்டுப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டங்கள் இதற்கு வசதி. சிலர் அதிரசத்தையும் முறுக்கையும் கிலோ கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள், கல்கல் மட்டும் வீட்டில், பிள்ளைகளுக்காக. கடைப் பலகாரத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சுடும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? மாவு பிசையவும் அச்சைச் சூடேற்றவும் ஆண்கள் உட்கார்ந்த வீடுகளில் அந்த ராத்திரி இன்னும் பழைய ருசியோடு இருக்கிறது. தம்பி முறுக்கு உழக்கைப் பிழிய, அக்கா கதை சொல்ல, வேலை பேச்சில் கரைகிறது.

இப்போது மேலே தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் பலர். அவர்களிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. டிசம்பரில் ஊருக்குப் போய்வரக் கூலி போதாது. தோட்டத்துக் குடியிருப்பு வாசலில் அவர்கள் தொங்கவிடும் நட்சத்திரம் கீழே இருந்து ஏறும் ஜீப்புகளுக்குப் பனியில் மங்கலாகத் தெரியும். நூறு வருஷம் முன்பு போடியிலிருந்து ஏறிப் போனவர்களும் அப்படித்தான் முதல் கிறிஸ்துமஸைக் கழித்திருப்பார்கள்.

26ஆம் தேதி விடிகாலை ஜீப் மறுபடி உறுமுகிறது. பக்கத்துச் சீட்டில் இருப்பவள் வேறு சாதி, வேறு சாமி. காய் எடுக்கும் பாத்தியில் இருவருக்கும் ஒரே நிரை. தூக்குவாளி மூடியைத் திறந்தால் மேலாக ஒரு காகிதப் பொட்டலம். உடைந்த முறுக்கும் நாலு கல்கல்லும். முந்தல் தாண்டி முதல் வளைவு வருவதற்குள் அது வண்டி முழுக்கச் சுற்றி வந்துவிடும்.